இழுத்துக்கிட்டுக் கெடந்த நெட்டு

எங்க வீட்டு நெட்டு டப்பாவுக்கு இழுப்பு வந்தது ஒரு செவ்வாக்கெழம காலையில. டிவி ஸ்டாண்டு மேல ரெண்டு கொம்பை நீட்டிக்கிட்டு வருசக்கணக்கா வாயத் தொறக்காம உக்காந்திருந்த அந்தக் கறுப்பு டப்பா, நான் போன்ல ஸ்பீடு டெஸ்ட்டு போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே, நெஞ்சு மேல ஏறி கீழ எறங்கி, கர்ர்ர்... கர்ர்ர்னு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. போய்த் தொட்டுப் பாத்தேன். கொதிச்சது. மூடியில இருக்குற காத்து ஓட்டை எல்லாம் மூக்கு மாதிரி விரிஞ்சு விரிஞ்சு சுருங்குச்சு. எனக்குப் பயம் வரல, கோவம்தான் வந்துச்சு. வருசத்துல இத்தனை வாரம் இருக்க, எனக்கு உசுரு போற வாரமாப் பாத்துத்தான் இதுக்கு நோவு வரணுமா?

ஏன்னா அந்த வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு எனக்கு விசாரணை. நான் சட்டக் கல்லூரி மூணாவது வருசம். எங்க காலேஜ்ல லைப்ரரி மேல்கூரை பேந்து விழுந்துருச்சு. லைப்ரரிங்குறதால உள்ள ஒருத்தரும் இல்ல, யாருக்கும் அடிபடல. ஆனா அன்னையில இருந்து கிளாஸ் எல்லாம் ஆன்லைன்தான். ஞானசிகாமணி சார் அட்டனன்ஸ் எடுக்கும்போது "செங்கொடி"ன்னு கூப்புடுவாரு. நான் "இருக்கேன் சார்"னு கத்துவேன். எங்க நெட்டு அந்த "இருக்கேன் சார்"ஐத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, ஆடி அசைஞ்சு, போற வழியில ஒரு டீயும் குடிச்சுட்டு, அவரு காதுல போய்ச் சேர்றதுக்குள்ள அவரு அட்டனன்ஸை மூடி வெச்சுட்டு சொத்துரிமைச் சட்டத்துல பாதி தூரம் போயிருப்பாரு. "யாரும்மா அது, சம்பந்தமே இல்லாம நடுவுல இருக்கேன் இருக்கேன்னு?"ன்னு கேப்பாரு. அதுக்கு நான் ஒரு பதில் சொல்லுவேன். அந்தப் பதில் அடுத்த கிளாஸ்ல போய் விழும், அந்தக் கிளாஸ் எடுக்குற மேடம் என்னைத் திட்டும்.

இப்படியே ஒரு செமஸ்டர் பூரா நான் இருந்துகிட்டே இல்லாமப் போயிட்டேன். வருகை பத்தல, பரிச்சை எழுத விடமாட்டோம்னுட்டாங்க. எழுதலைன்னா ஒரு வருசம் போச்சு. அடுத்த வருசம் திரும்ப அதே சொத்துரிமை, திரும்ப அதே ஞானசிகாமணி. விளக்கம் சொல்லணும்னா வெள்ளிக்கெழம பிரின்சிபால் முன்னாடி சொல்லலாமாம். எங்க? ஆன்லைன்ல. நெட்டு இல்லாததால வர முடியலைங்குறதை நெட்டுல வந்து நிரூபிக்கணுமாம். இந்த நாட்டுல யாருக்காச்சும் கோவம் வரலைன்னா அவங்களுக்கு வேற எதுவோ கோளாறு.

கேபிள் டென்சிங் அண்ணனுக்குப் போனப் போட்டேன். எங்க ஏரியாவுக்கு டிவி லைனும் அவருதான், நெட்டு லைனும் அவருதான். பழங்காநத்தம் பக்கத்துல எங்க முட்டுச்சந்துல எல்லா மொட்டமாடிக்கும் வயரை இழுத்து இழுத்துக் கட்டி, வானத்தையே கொடிக்கயிறு மாதிரி ஆக்கி வெச்சிருக்குற ஆளு. வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்காதுன்னு ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னு பேசுனேன். நான் பேசுனது இதுதான், ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல:

"அண்ணே, ரொம்ப இழுக்குதுண்ணே. காலையில இருந்து இழுத்துக்கிட்டே கெடக்கு. ஆமாண்ணே, கொஞ்சமா வருது, நின்னுருது, செத்த நேரங் கழிச்சுத் திரும்ப வருது. எனக்கு நம்பிக்கை இல்லண்ணே. வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்காது. ஒரு எட்டு நேர்ல வந்து பாத்துட்டுப் போயிருங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு இருளாயி அக்கா மொளகா காயப் போட்டுக்கிட்டு இருந்துருக்கு.

எங்கப்பா சோணைமுத்து, கவர்மெண்டு பஸ்ஸுல கண்டக்டரு, ராத்திரி சர்வீஸு முடிச்சுட்டு வந்து ஹால்ல பாயில வாயத் தொறந்து மல்லாந்து தூங்கிக்கிட்டு இருந்தாரு. அம்மா பெரியம்மா மகளோட பிரசவத்துக்குப் போயிருந்துச்சு. நான் போனை வெச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், இருளாயி அக்கா தலைவிரி கோலமா உள்ள ஓடி வருது, ஒரு கையில டம்ளரு, ஒரு கையில ஸ்பூனு, பின்னாடி தெருவுல பாதி சனம். "எங்கண்ணே... நேத்துக்கூடக் கொத்தமல்லி வாங்கியாந்து குடுத்தியே எங்கண்ணே..."ன்னு ஒரு கூப்பாடு போட்டுக்கிட்டே, தொறந்து கெடந்த எங்கப்பா வாயில ஒரு ஸ்பூன் பாலை ஊத்திருச்சு. அக்கா ரெண்டாவது ஸ்பூனை மொண்டு முடிக்கல, எங்கப்பா பொறையேறி எந்திரிச்சு உக்காந்துட்டாரு.

"எவடி அவ? என்னத்தடி வாயில ஊத்துறீக?"

"அண்ணே, உசுரு இருக்காண்ணே?"

"ஏன் இருக்கக்கூடாதா? டூட்டி முடிச்சுட்டு வந்து படுத்தவனுக்குப் பால் ஊத்துறீகளேடி!"

"அப்ப உம் மக யாரு இழுத்துக்கிட்டுக் கெடக்குறதாப் போன்ல சொன்னா?"

"நெட்டுக்கா!" நான் கத்துனேன். "நெட்டு இழுக்குதுன்னு சொன்னேன்!"

அந்த நேரம் பாத்து டப்பா கர்ர்ர்ர்னு ஒரு நீள மூச்சு இழுத்துச்சு. எல்லாரும் திரும்புனாங்க. இருளாயி அக்கா கிட்டப் போச்சு, மேல கைய வெச்சுது, குனிஞ்சு காதை வெச்சுக் கேட்டுச்சு. நிமிந்தப்ப அதோட முகமே மாறிப் போச்சு. "அட ஆமாத்தா. நெஞ்சு பூரா கட்டியிருக்கு. நாளு நெருங்கிருச்சு." வேற ஒண்ணும் கேக்கல. யாருமே வேற ஒண்ணும் கேக்கல. டம்ளர்ல மிச்சமிருந்த பாலை ஸ்பூன்ல எடுத்து அந்தக் காத்து ஓட்டையில விட்டுச்சு. "அக்கா, கரண்ட்டு!"ன்னு நான் பாயுறதுக்குள்ள பால் உள்ள போயிருச்சு. ஷாக் அடிக்கல, பொறி பறக்கல. பச்சை லைட்டு ரெண்டு தரம் மினுக்குனுச்சு. அம்புட்டுத்தான், எங்க வீடு சாவு வர்ற வீடாயிருச்சு.

பொழுது எறங்குறதுக்குள்ள வாசல்ல சாமியானா போட்டாச்சு, பிளாஸ்டிக் சேரு எறங்கியாச்சு, எதிர்வீட்டுல இருந்து ஒரு அண்டா சுக்குக் காப்பி வந்தாச்சு. செருப்பை வெளிய விட்டுட்டு ஒவ்வொருத்தரா உள்ள வந்து, டப்பா முன்னாடி நின்னு, கையக் கட்டி, தலையை ஆட்டி, "நல்லாத்தான இருந்துச்சு"ன்னாங்க, "முந்தாநேத்து நான் சீரியல் பாக்கும்போதுகூட ஒண்ணும் தெரியலையே"ன்னாங்க, "வயசு என்னத்தா இருக்கும்?"னு கேட்டாங்க, "கொறைக்கு வாரண்டி கூட முடிஞ்சிருச்சே"ன்னு உச்சுக் கொட்டுனாங்க, கடைசியா என் பக்கம் திரும்பி, கொரலைத் தாழ்த்தி, "எத்தனை காட்டுது?"ன்னு கேட்டாங்க. நான் ஸ்பீடு டெஸ்ட்டு போடுவேன். போன்ல முள்ளு எந்திரிக்கப் பாக்கும், முடியாம படுத்துக்கும். நூறு வரும்னு சொல்லிக் குடுத்த லைனு.

"அஞ்சு."

"காலையில ஆறு இருந்துச்சாமே..." அப்படின்னு ஒரு பெருமூச்சு வாசல் வரைக்கும் போகும்.

டப்பாவைத் தெக்க பாத்துத் தலை வெச்சுத்தான் படுக்கப் போடணும்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. தலை எதுன்னு ஒரு மணி நேரம் சண்டை. கொம்பு இருக்குற பக்கம்தான் தலைன்னு ஒரு கட்சி. லைட்டு இருக்குற பக்கம்தான் முகம், அதனால அதுதான் தலைன்னு ஒரு கட்சி. கடைசியில கொம்புக் கட்சி செயிச்சு, கொம்பைத் தெக்க திருப்பி வெச்சாங்க. நான் டெஸ்ட்டு போட்டேன். ஏழு. நான் மூடநம்பிக்கைக்கு எதிரா நாலு மேடையில பேசுனவ. வாய மூடிக்கிட்டு ஏழுன்னு சொன்னேன்.

புதங்கெழம டென்சிங் அண்ணன் ஏணியத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்தாரு. கூட்டத்தைப் பாத்ததும் ஏணியை வாசல்லயே சாச்சுட்டு, தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, மரியாதையா உள்ள வந்தாரு. டப்பாவைத் தொட்டுப் பாத்தாரு, வயரை ஆட்டிப் பாத்தாரு. "ஒண்ணுமில்ல தங்கச்சி. ஒரு தரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனாச் சரியாப் போயிரும்"னு சுவிட்சுக்குக் கையக் கொண்டு போனாரு.

இருளாயி அக்கா அந்தக் கைய அப்படியே புடிச்சிருச்சு. "மூச்சு இருக்கும்போதே ஆஃப் பண்ணப் போறியா? நீயெல்லாம் ஒரு தாய் வயித்துல பொறந்தவனாடா?"

"திரும்ப ஆன் பண்ணுவேன்கா."

"ஆன் ஆவலைன்னா?"

டென்சிங் அண்ணன் சுவிட்சுல இருந்து கைய எடுத்துக்கிட்டாரு. அவரு சர்வீஸுல ஆன் ஆகாததும் சிலது இருந்துருக்கும்போல.

"அக்கா, ஒலகம் பூரா இதைத்தான் பண்றாங்க!" நான் நடுவுல போய் விழுந்தேன்.

"ஒலகம் பண்ணட்டும். இந்தச் சந்துக்குள்ள நடக்காது."

"அது ஒரு பொருளுக்கா! சட்டப்படி அதுக்கு உசுரே இல்ல!"

"சட்டப்படி நீதான் கிளாஸ்லயே இல்லையாமே?" அக்கா அலுங்காமத் திருப்பிப் போட்டுச்சு. சாமியானாவே சிரிச்சது.

சரி, புதுசு ஒண்ணு கொண்டாந்து பக்கத்துல வெக்கிறேன்னாரு டென்சிங் அண்ணன். அதுக்கு எங்கப்பாவே எந்திரிச்சுட்டாரு. எங்கப்பா யூனியன்காரரு, எனக்கு இந்தப் பேரை வெச்சதும் அந்தச் சூட்டுலதான். "என்னய்யா பேச்சுப் பேசுற? இத்தனை வருசம் லீவு இல்ல, வார ஓய்வு இல்ல, ராத்திரி பகலு பாக்காம நின்ன எடத்துல நின்னு ஒழைச்சிருக்கு. கடைசி மூச்சுல அது கண்ணு முன்னாடியே அது எடத்துக்கு இன்னொருத்தனைக் கொண்டாந்து உக்கார வெப்பியா? இதைத்தான் மொதலாளி பண்ணுவான்!"

"அப்பா, அது டப்பாப்பா."

"டப்பான்னா ஒழைக்கலையா?"

வெளிய ரெண்டு பேரு கை தட்டுனாய்ங்க. டென்சிங் அண்ணன் வேற வழியில்லாம ஒரு மஞ்ச வயரை எடுத்து டப்பாவுல ஒரு முனையும் என் லேப்டாப்புல ஒரு முனையுமாக் குத்தி, "நேரா வரட்டும், காத்துல வீணாக வேண்டாம்"னாரு. பாத்துக்கிட்டு இருந்த பொம்பளைக "குளுக்கோஸ் ஏத்துறாக"ன்னு சொல்லிக் கொஞ்சம் ஆறுதலாகி, இன்னொரு ரவுண்டு காப்பி குடிச்சாங்க. எட்டு காட்டுச்சு. சாயந்தரம் சனம் கூடக்கூட அதுவும் சரிஞ்சு நாலுக்கு வந்துருச்சு. நாலை வெச்சுக்கிட்டு நான் பேசுனா என் விளக்கம் அடுத்த வருசத்துக்கு அட்மிஷன் போட வர்ற புள்ளைகளுக்குத்தான் போய்ச் சேரும்.

வியாழக்கெழம காலையில தெரு ஒரு முடிவுக்கு வந்துச்சு. ஏதோ ஒரு ஆசை உள்ள நிக்கிது, அதான் போகவும் மாட்டேங்குது, பொழைக்கவும் மாட்டேங்குது. மனுசருக்கு இப்படி இழுத்துக்கிட்டுக் கெடந்தா சொந்த மண்ணைக் கரைச்சு ஊத்துவாங்க, தங்கத்தை ஒரசி ஊத்துவாங்க, எது நெஞ்சுல நிக்கிதோ அது எறங்குனா உசுரு எறங்கும். அதே மாதிரி, தெருமுனையில வயரு சேர்ற இரும்புப் பொட்டிக்கு அடியில இருந்து ஒரு புடி மண்ணை எடுத்துக் கரைச்சு ஊத்துனாங்க, கர்ர்ர். இருளாயி அக்கா தோட்டைக் கழட்டி ஒரசி ஊத்துச்சு, கர்ர்ர். கடலுக்கு அடியிலதான் நெட்டு வருதாம்லன்னு ஒருத்தரு எடுத்துக் குடுக்க, ராமேஸ்வரம் போயிட்டு வந்த வீட்டுல இருந்து பாட்டில்ல கடல்தண்ணி வந்துச்சு, கர்ர்ர். அப்பறம் ஒரு மகராசி, "நம்ம எல்லாரும் எம்புட்டு சமையல் வீடியோ பாத்துருப்போம், அம்புட்டையும் இதுதான சொமந்துகிட்டு வந்துச்சு, ஒரு வாயி நம்ம யாராச்சும் குடுத்தோமா?"ன்னு கேட்டுச்சு பாருங்க, சந்து பூரா கண்ணு கலங்கி, மத்தியானத்துக்குள்ள பரோட்டா சால்னா, அயிரைமீன் கொழம்பு, ஜிகர்தண்டா, அப்பறம் எவனோ பாத்துட்டு ஆசைப்பட்டுச் செஞ்ச ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சோறு எல்லாம் டிவி ஸ்டாண்டு மேல வரிசையா வந்து உக்காந்துச்சு. நான் ஒவ்வொண்ணுக்கும் டெஸ்ட்டு போட்டேன். மூணு. ரெண்டரை. ரெண்டு. அயிரைமீனுக்கு மட்டும் பச்சை லைட்டு ஒரு தரம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு, அம்புட்டுத்தான்.

அன்னைக்கு வெளக்கு வெச்ச நேரத்துல நான் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். சாமியானாவுக்குள்ள சத்தமே இல்ல. எல்லாரும் துக்கத்துல அமைதியா இருக்காங்கன்னு நெனச்சேன். டப்பா என்னைக்கும் இல்லாத மாதிரி திணறித் திணறி இழுத்துச்சு, பாக்கச் சகிக்கல. திடீர்னு மூச்சு லேசாச்சு. டெஸ்ட்டு போட்டேன், இருபது! துள்ளி எந்திரிச்சேன். அதுக்குள்ள திரும்ப இழுப்பு, திரும்ப ரெண்டு. கொஞ்ச நேரங் கழிச்சுத் திரும்ப லேசாச்சு. அப்ப வெளிய இருந்து ஒரே நேரத்துல பத்து எடத்துல இருந்து ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு கேட்டுச்சு.

எட்டிப் பாத்தேன். ஒவ்வொரு சேர்லயும் ஒரு ஆளு, ஒவ்வொரு ஆளு மூஞ்சியிலயும் போன் வெளிச்சம். எல்லாரும் சீரியல் பாத்துக்கிட்டு இருக்காங்க. விளம்பரம் வந்தா டப்பாவுக்கு மூச்சு விடுது. கதை ஆரம்பிச்சா நெஞ்சு அடைக்குது.

"யாரு நெட்டுல பாக்குறீங்க?"ன்னேன்.

ஒருத்தரும் நிமிரல.

"கேக்குறேன்ல? யாரு வீட்டு நெட்டு?"

எல்லாரும் எங்கப்பாவைப் பாத்தாங்க. எங்கப்பா சாமியானாத் துணியோட தையலைப் பாத்தாரு.

"அப்பா!"

"வந்து கேட்டாக தாயி. தண்ணி கேட்டா இல்லைன்னா சொல்லுவோம்?"

"பாஸ்வேர்டை எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?"

"தெருவுக்குத்தான். வெளியாளுக்கு ஒருத்தனுக்கும் குடுக்கல." அதுல ஒரு பெருமை வேற.

எங்க வீட்டு பாஸ்வேர்டு 'ஒன்றுபடுவோம்'. எங்கப்பா வெச்சது. தெருவே ஒன்றுபட்டுருச்சு.

நான் அன்னைக்குப் பேசுனதை கோர்ட்டுல பேசிருந்தா இந்நேரம் எனக்குச் சிலை வெச்சிருப்பாங்க. "ஆசையாம் ஆசை! மண்ணைக் கரைச்சீங்க, மீனை வெச்சீங்க, கடலைக் கொண்டாந்தீங்க! அதுக்கு ஒரு நோவும் இல்ல, ஒரு ஆசையும் இல்ல, நீங்க அம்புட்டுப் பேரும் அதோட நெஞ்சு மேல ஏறி உக்காந்துகிட்டு எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு என்கிட்டக் கேக்குறீங்க! நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் வாயத் தொறந்தா சத்தம் போகணும். போகலைன்னா என் வருசம் போச்சு. சீரியல்ல அந்த மருமக விசத்தைக் குடிச்சாளா இல்லையான்னு தெரியுறதுக்கு நான் ஒரு வருசம் பெயிலாகணுமா?"

"பாக்க வந்தவகளை இப்படியாடி பேசுவ?" இருளாயி அக்கா எந்திரிச்சுச்சு.

"அதைப் பாக்க வந்தீங்களா, அதுல பாக்க வந்தீங்களா?"

அக்கா கையில இருந்த போனைப் பாத்துச்சு, உள்ள டப்பாவைப் பாத்துச்சு. அப்பறம் ரொம்ப மெதுவா, "அப்ப நாமதான் புடிச்சு வெச்சிருக்கோம்"னுச்சு. "எங்க மாமனாருக்கும் இப்படித்தான். எங்க மாமியா அவரு கைய விடாமப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அது கைய எடுக்குற வரைக்கும் இழுத்தாரு. எடுத்தது தெரிஞ்சதும் தெளிஞ்சு எந்திரிச்சு உக்காந்து, ரெண்டு இட்லி கேட்டு வாங்கித் தின்னுட்டு, எல்லாருகிட்டயும் கணீர்னு பேசிட்டு, பொழுது சாயப் போய்ச் சேர்ந்தாரு. நாம விட்டாத்தான் அதுக்குத் தெளிவு வரும்."

எப்படி விடுறதுன்னு யாருக்கும் தெரியல. டென்சிங் அண்ணன்தான் சொன்னாரு, "செட்டிங்ஸுக்குப் போங்க, நம்ம நெட்டு பேரைத் தொடுங்க, கீழ வரும்." எங்க தெருவுல நெறயப் பேரு போனுல தமிழ்தான். இருளாயி அக்கா எழுத்துக் கூட்டிப் படிச்சுச்சு: "இந்த... நெட்வொர்க்கை... மறந்துவிடவா?" படிச்சுட்டு முந்தானையால வாயப் பொத்திக்கிச்சு. "மறக்கச் சொல்லுதேடி பாவி போனு."

யாரும் சொல்லாமலே வரிசை கட்டுனாங்க. இதுல பாத்துத்தான் ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டக் கத்துக்கிட்டேன்னு சொல்லி ஒரு டெய்லரு டப்பா முன்னாடி நின்னு மறந்துவிடுங்குறதை அமுக்குனாரு. இதுலதான் எங்க வீட்டு வீடியோவைக் காட்டி எம் பொண்டாட்டியைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வெச்சேன்னு ஒரு தம்பி அழுதுகிட்டே அமுக்குனான். வட்டி இல்லாக் கடன் தர்றோம்னு வந்த மோசடி மெசேஜை எங்கிட்டக் கொண்டாந்து சேத்ததும் நீதான், இருந்தாலும் போயிட்டு வான்னு மளிகைக்கடைக்காரரு அமுக்குனாரு. ஒவ்வொருத்தரு அமுக்கும்போதும் டப்பாவோட நெஞ்சு ஒரு நூல் அளவு எறங்கி லேசாச்சு. கடைசியா நின்னது இருளாயி அக்கா. அதோட மகன் குவைத்துல இருக்கான். தெனம் வெளக்கு வெச்சதும் ஜன்னலோரமா காஞ்ச மொளகா அள்ளுற சாக்குல வந்து நின்னு, எங்க நெட்டுலதான் அவன் மூஞ்சியப் பாத்துருக்கு. எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும்.

"அக்கா, நீங்க வேணா அமுக்காம விட்டுருங்க. ஒருத்தரு இருந்தா ஒண்ணும் ஆகாது"ன்னேன். என் வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கே புதுசு.

"சும்மா இருடி. நீ பாசாகு. அவன் மூஞ்சி எங்கயும் போயிராது." அமுக்கிருச்சு.

வெள்ளிக்கெழம காலையில டப்பா சத்தம் இல்லாம, சீரா, தூங்குற புள்ளை மாதிரி மூச்சு விட்டுச்சு. நாலு லைட்டும் பச்சை. நான் ஸ்பீடு டெஸ்ட்டைத் தொறந்தேன். முள்ளு நூறைத் தாண்டி, ஆயிரத்தைத் தாண்டி, நம்பரு முடிஞ்ச எடத்தையும் தாண்டி ஒரு சுத்துச் சுத்தி வந்து நின்னுச்சு. அப்பறம்தான் நான் ஸ்டார்ட்டு பட்டனையே அமுக்குனேன்.

"இதுதான் தெளிவு"ன்னுச்சு இருளாயி அக்கா. "பொழுது சாயத் தாங்காது. சொல்ல வேண்டியதைச் சுருக்காச் சொல்லி முடிச்சுரு."

பதினோரு மணி. தெருவே எல்லாப் போனையும் அணைச்சுட்டு வெளிய நின்னுச்சு. எங்கப்பா டூட்டிச் சட்டையப் போட்டுக்கிட்டு என் பின்னாடி நின்னாரு. லேப்டாப்பைத் தொறந்தா பிரின்சிபால் வசந்தகோகிலம் மேடமும் ஞானசிகாமணி சாரும் தெரிஞ்சாங்க, கண்ணாடி மாதிரி, அவரு மூக்கு மேல இருக்குற மச்சம் வரைக்கும். ஆனா மேடம் ஏற்கனவே தலையாட்டிக்கிட்டு இருந்தாங்க.

"சரிம்மா செங்கொடி. எல்லாம் புரிஞ்சது."

"மேடம், நான் இன்னும் ஆரம்பிக்கலையே."

"ஆரம்பிச்சு முடிச்சுட்டியே. அந்த மூணாவது பாயிண்ட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு."

"எது மேடம்?"

"ஒருத்தரு சொல்றதைக் கேக்காமலே அவங்களுக்கு எதிரா முடிவெடுக்கக் கூடாது, என் குரல் உங்களுக்குக் கேக்கலைங்குறது என் குத்தம் இல்லைன்னு சொன்னியே."

நான் பேசுறதுக்கு முன்னாடியே நெட்டு என் பேச்சைக் கொண்டுபோய்ச் சேத்துருச்சு. நல்ல பாயிண்ட்டுதான். நான் அதைக் குறிச்சுக்கிட்டேன், சொல்லணும்ல.

ஞானசிகாமணி சாருக்குப் பொறுக்கல. "அதெப்படி மேடம், நான் ஒரு தரம் கூப்பிட்டுப் பாக்குறேன்"னு சொல்லி வாயத் தொறந்தாரு. அவரு தொறக்குறதுக்கு முன்னாடியே அவரு ஸ்பீக்கர்ல "இருக்கேன் சார்"னு என் கொரலு கேட்டுச்சு. அவரு அதிர்ந்து போயி மூடிக்கிட்டாரு. நான் அவசரமா இந்தப் பக்கம் இருந்து "இருக்கேன் சார்"னு சொல்லிக் கணக்கை நேர் பண்ணுனேன். அவரு எங்கயோ பாக்குற மாதிரி பாத்துட்டுத் திடீர்னு கூப்பிட வந்தாரு, "இருக்கேன் சார்." மனசுக்குள்ள நெனச்சுப் பாத்தாரு, "இருக்கேன் சார்." அவரு வேர்த்துட்டாரு. எனக்கும் வேர்த்துச்சு, ஏன்னா அவங்க கேட்டு முடிச்சதை எல்லாம் நான் பின்னாடியே ஓடி ஓடி ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டு வரணும், ஒரு வார்த்தை விட்டாக்கூட அது எப்படி அங்க போச்சுன்னு ஆயிரும்.

"இத்தனை தரம் இருக்கேன்னு சொல்ற பொண்ணை இல்லைன்னு எப்படி சார் எழுதுறது?"ன்னாங்க மேடம். கையெழுத்துப் போட்டாங்க. "வருகைக் குறைவு மன்னிக்கப்பட்டது. நீ பரிச்சை எழுது." பின்னாடி எங்கப்பா தொழிலாளர் ஒற்றுமை ஓங்குகன்னு சொல்ல வந்து அடக்கிக்கிட்டாரு.

டப்பாவுல மூச்சு கொஞ்சம் கொஞ்சமா நீண்டுச்சு. ஒரு லைட்டு அணைஞ்சுச்சு.

"அதெல்லாம் சரி மேடம்," ஞானசிகாமணி சாரு மூஞ்சி சிவந்து கெடந்துச்சு. "கடைசியா என்னைப் பாத்து இந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொன்னாளே, அதுக்கு என்ன பண்றது?"

"நான் ஒண்ணும் சொல்லலையே சார்."

"சொன்ன! நான் கேட்டேன்!"

"அதுக்குத்தான் அவ மன்னிப்பும் கேட்டுட்டாளே சார்"ன்னாங்க மேடம். அவங்க வாய் மேல கைய வெச்சு மறைச்சுக்கிட்டு இருந்தாங்க.

"கேட்டா மேடம். அதுக்கு அப்பறம் திரும்பவும் சொன்னாளே!"

இன்னொரு லைட்டு போச்சு. சாரோட மூஞ்சி சதுரம் சதுரமா ஒடைய ஆரம்பிச்சது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவுல ஒரு பெரிய எடம் விழுந்துச்சு. இருளாயி அக்கா உள்ள வந்து டப்பாப் பக்கத்துல உக்காந்து, "சுருக்காடி"ன்னுச்சு.

நான் யோசிச்சேன். ஒரு மனுசன் தன் காதால கேட்டு, கோவப்பட்டு, சாட்சியும் சொல்லிட்டாரு. இப்ப நான் அதைச் சொல்லாம விட்டேன்னா, சொல்லாத வார்த்தைக்கு அந்த மனுசன் அவமானப்பட்டதா ஆகிரும். அது அநியாயம். நான் சட்டம் படிக்கிறவ.

லேப்டாப்பைக் கிட்ட இழுத்தேன். தொண்டையச் செருமிக்கிட்டு, ஞானசிகாமணி சாரை நேருக்கு நேரா பாத்து, மொதல்ல அந்த வார்த்தையச் சொன்னேன். அப்பறம், ரொம்பப் பணிவா, மன்னிப்புக் கேட்டேன். அப்பறம் கடைசி மூச்சு நிக்கிறதுக்குள்ள திரும்பவும் அதே வார்த்தையை, இந்தத் தடவ நிறுத்தி, தெளிவா, எழுத்து எழுத்தாச் சொன்னேன்.